மூன்று அறைக்கு ஒரே கார்டு

நல்லம்பள்ளி கடைவீதியில் விதை, உரம், பூச்சிமருந்து விற்கும் அந்தக் கடையின் பலகையில் இருப்பது பச்சியப்பன் பெயர். கல்லாவில் உட்காருபவர் அவர் மனைவி அமுதவல்லி. எந்த விவசாயிக்கு எத்தனை நாள் தவணை கொடுக்கலாம், எந்தக் கம்பெனிக்கு எப்போது செக் போக வேண்டும் என்பதெல்லாம் அவருக்குத்தான் அத்துப்படி. பச்சியப்பன் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பேசி ஆர்டர் பிடிப்பார். ஆனால் யாராவது கையை நீட்டிவிட்டால் இல்லையென்று சொல்ல அவருக்கு வராது. கல்யாணமான நாளிலிருந்து அவருக்கும் சேர்த்து அமுதவல்லிதான் 'இல்லை' சொல்லிக்கொண்டிருக்கிறார்.

போன வருடம் விற்பனை இலக்கை எட்டிய டீலர்களை ஒரு விதைக் கம்பெனி குடும்பத்தோடு கப்பல் சுற்றுலாவுக்கு அழைத்துப் போனது. பெங்களூரிலிருந்து சிங்கப்பூருக்கு விமானம். அங்கிருந்து கப்பலில் புக்கெட் போய்த் திரும்ப வேண்டும். கம்பெனி அதிகாரி மாதவராஜ் எல்லோரையும் நிற்க வைத்துச் சொன்னார்: "ரூமு, சாப்பாடு கம்பெனி செலவுங்க. உங்க சொந்தச் செலவுக்கு ஏறும்போதே கார்டைக் குடுத்துடுங்க. உள்ள ரூபாயும் செல்லாது, டாலரும் செல்லாது."

அமுதவல்லி கொஞ்சம் டாலர் மாற்றிக் கைப்பையில் வைத்திருந்தார். இது எதற்கு வீணாக என்று அப்போது தோன்றியது. கப்பல் ஏறும் இடத்தில் பாஸ்போர்ட் வரிசை ஒருபக்கம், கார்டு வரிசை ஒருபக்கம். அவர் பாஸ்போர்ட் வரிசையில் நின்றார். பச்சியப்பன் கடைக் கணக்கின் டெபிட் கார்டை எடுத்துக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போனார். திரும்பி வரும்போது முகமெல்லாம் சிரிப்பு. கையில் அறைக் கதவைத் திறக்கும் அட்டை. கப்பலுக்குள் எதை வாங்கினாலும் அதைக் காட்டினால் போதுமாம்.

கப்பல் கரையை விட்டுத் தள்ளிப் போனதும் போனில் சிக்னல் போய்விட்டது. இன்டர்நெட்டுக்குத் தனிக்காசு கேட்டார்கள். அமுதவல்லி வேண்டாமென்று விட்டுவிட்டார். பச்சியப்பன் ஜூஸ் வாங்கினார், போட்டோ எடுத்துக்கொண்டார், அட்டையை நீட்டி நீட்டிக் காட்டினார்.

"எவ்வளவு ஆச்சுன்னு கேட்டீங்களா?"

"எல்லாம் கடைசி நாள்ல பில்லா வருமாம். நீ கொஞ்சம் கடலைப் பாரேன்."

கடலைத்தான் பார்த்தார். மனம் கடையில் இருந்தது. தக்காளி நாற்று விடும் சமயம். சேலம் மொத்த வியாபாரிக்கு விதை லோடுக்காகக் கொடுத்த செக் அந்த வாரம்தான் பாங்குக்குப் போகிறது. அதற்கான பணத்தைக் கணக்கில் சரியாக வைத்துவிட்டுத்தான் புறப்பட்டிருந்தார்.

புக்கெட் துறைமுகத்தில் சிக்னல் வந்தது. அமுதவல்லியின் போன் விடாமல் அதிர்ந்தது. ஒவ்வொரு குறுஞ்செய்தியும் கடைக் கணக்கிலிருந்து பணம் போனதாகச் சொன்னது. கப்பல் ஏறிய அன்றே ஒரே தொகை மூன்று தடவை போயிருந்தது. அடுத்த நாளும் போயிருந்தது. கடைசியாக வந்த செய்தி, இருப்பு போதாமல் செக் திரும்பிவிட்டது என்றது.

அவர் கடைக்குப் போன் போட்டார். வேலைக்கு இருக்கும் கலைவாணன் எடுத்தான். "அக்கா, உங்களைத்தான் ரெண்டு நாளா கூப்புடறேன். செக் திரும்பிடுச்சாம். லோடு அனுப்ப மாட்டேங்கறாங்க. சனங்க வந்து வந்து கேட்டுட்டுப் போறாங்கக்கா."

அமுதவல்லி புருஷனைத் திரும்பிப் பார்த்தார். "மூணு தடவை எப்படிங்க போச்சு?"

பச்சியப்பன் தலையைச் சொறிந்தார். "நம்ம பென்னாகரம் டீலர் தமிழ்ச்செல்வன் கார்டும் அரூர் ராஜா கார்டும் வேலை செய்யல. வெளிநாட்டுல செல்லற மாதிரி பாங்குல ஆன் பண்ணாம வந்துட்டாங்க. பாவமா நின்னாங்க. மூணு ரூமுக்கும் நம்ம கார்டையே போடுங்கன்னுட்டேன். ஊருக்குப் போனதும் குடுத்துடுவாங்க."

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் இல்லீங்க?"

"கேட்டா நீ வேணாம்பே."

மற்றவர்கள் கடற்கரைக்குப் போகும் பஸ்ஸில் ஏறினார்கள். அமுதவல்லி கப்பலுக்கே திரும்பி, பணக் கவுண்டரின் வரிசையில் நின்றார். அங்கிருந்த பெண்ணின் இங்கிலீஷ் பாதிதான் புரிந்தது. பெயர்ப்பட்டையில் மங்களூர்ப் பெயர் மாதிரி தெரிய, கன்னடத்தில் பேசிப் பார்த்தார். அமுதவல்லி பாலக்கோடு பக்கம் பிறந்தவர். அந்த மொழி வீட்டு மொழி மாதிரிதான். அந்தப் பெண் மலர்ந்துபோய்ப் பொறுமையாக விளக்கினாள். கப்பல் இன்னும் எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. அறைக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே பாங்கைப் பிடித்து வைக்கச் சொல்கிறது, செலவு ஏற ஏற இன்னும் கொஞ்சம் பிடிக்கச் சொல்கிறது. கிரெடிட் கார்டாக இருந்தால் தெரியாது. டெபிட் கார்டில் கையிருப்பே முடங்கிவிடும்.

"கார்டே இல்லாதவங்க என்ன பண்ணுவாங்க?"

"இந்தக் கவுண்டர்ல டாலரா முன்பணம் கட்டலாமே, அம்மா."

டாலர் அமுதவல்லியின் கைப்பையில்தான் இருந்தது. அங்கேயே எடுத்து, மூன்று அறையிலும் அதுவரை ஆன செலவையும் தங்கள் அறைக்கான முன்பணத்தையும் கட்டினார். மூன்று அறையிலிருந்தும் கார்டை எடுக்கச் சொன்னார். எடுத்துவிட்டாள். பிடித்த பணம் எப்போது விடும் என்று கேட்டதற்கு, அது உங்கள் பாங்கு கையில் என்றாள். பாங்குக்குப் போன் போட்டால், கப்பல்காரர்கள் விட்டால்தான் விடும் என்றார்கள். யாரிடம் கத்துவது என்று தெரியாமல் போனைக் கையில் பிடித்தபடி நின்றார்.

பிறகு கடைக்குப் பக்கத்தில் பைப், மோட்டார் விற்கும் ஹயாத் பாஷாவைக் கூப்பிட்டார். முன்பின் கைமாற்று கேட்ட பழக்கம் இல்லை. இருந்தும் சேலத்துக்குக் கட்ட வேண்டியதைக் கேட்டார்.

"அதுக்கென்னம்மா, சேலத்துக் கணக்கு நம்பரை அனுப்புங்க. நான் போட்டு விடறேன். நீங்க ஊரைச் சுத்திப் பாருங்க."

சுற்றிப் பார்க்க என்ன இருந்தது! மாலையில் தமிழ்ச்செல்வனும் ராஜாவும் மணலோடு திரும்பி வந்தார்கள். அட்டை வேலை செய்யவில்லையே என்று ராஜா கேட்டார்.

"நான்தான் நிறுத்தச் சொன்னேங்க. டாலர் இருந்தா கவுண்டர்ல கட்டிக்குங்க."

ராஜாவின் முகம் சுருங்கியது. பச்சியப்பன் எழுந்து வெளியே போய்விட்டார். ஊர் திரும்பும்வரை புருஷனும் மனைவியும் தேவைக்கு மேல் பேசிக்கொள்ளவில்லை.

லோடு தாமதமாகத்தான் வந்து இறங்கியது. முடங்கிய பணம் கொஞ்சம் கொஞ்சமாகக் கணக்குக்குத் திரும்பியது. அதற்குள் அமுதவல்லி தருமபுரி பாங்குக்குப் பலமுறை நடந்துவிட்டார். போகும்போதெல்லாம் 'சிஸ்டம்ல காட்டுதுங்க, தானா விடும்' என்ற ஒரே பதில். செக் திரும்பியதற்குப் பிடித்த தண்டம் மட்டும் திரும்பவில்லை. ஹயாத் பாஷாவுக்கு முதல் வேலையாகக் கொடுத்து முடித்தார். தமிழ்ச்செல்வன் தன் பங்கைக் கொண்டுவந்து கொடுத்தார். ராஜா இன்றுவரை அடுத்த டீலர் கூட்டத்தில் பார்க்கலாம் என்கிறார்.

இப்போது கடைக் கணக்குக்குக் கார்டே கிடையாது. பச்சியப்பனுக்குத் தனிக் கணக்கு, அதில் மாதச் செலவுக்கு வேண்டியது மட்டும். "சின்னப் பையன் மாதிரி ஆக்கிட்டே" என்று அவர் முனகினார்.

பணம் போனதைவிட அமுதவல்லிக்கு ஆறாமல் இருப்பது வேறு. வருடா வருடம் இந்தக் கடையிலேயே தக்காளி விதை வாங்கிய ராணியம்மாள், அந்த வாரம் மூன்று தடவை வந்து பார்த்துவிட்டுத் தருமபுரியில் வாங்கி நாற்று விட்டுவிட்டார். பஸ்ஸுக்குப் போகும்போது கடைப்பக்கம் பார்த்து, "நல்லா இருக்கியா அமுதா?" என்று கேட்கிறார். உள்ளே மட்டும் வருவதில்லை.