பூஜ்யத்தைக் குறைக்கச் சொன்ன மாதேஷ்

மாதேஷ் போய்விட்டான் என்ற செய்தி எனக்கு ஒலிபெருக்கியில்தான் வந்தது. அரூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் மைக் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு கையில் மைக், மறு கையில் போன். பேசியது மொரப்பூரில் இ-சேவை மையம் நடத்தும் கவிதா, நம் சனிக்கிழமைக் கூட்டத்துக்கு வரும் பெண். "மாமா, மாதேஷ் அண்ணன் போயிட்டாருங்க. நெஞ்சு வலின்னு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ளயே..." போனும் சத்தமாக வைத்திருந்தேன், மைக்கும் போட்டபடி இருந்தது. அவள் அழுகை நாலு ஸ்பீக்கர் பெட்டியிலும் கேட்டது. பத்தாயிரம் பேர் கூடியிருந்த மண்டபம் அப்படியே அடங்கிப்போனது.

பத்தாயிரம் என்று எழுதிவிட்டேன். அவன் பக்கத்தில் இருந்திருந்தால், "மாமா, கடைசிப் பூஜ்யத்தக் கொறைங்க" என்றிருப்பான். குறைத்துவிட்டேன். ஆயிரம் பேர்.

சனிக்கிழமைக் கூட்டத்து நண்பர்களுக்கு என்னைத் தெரியும். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். மொரப்பூர் ஸ்டேஷன் ரோட்டில் சவுண்ட் சர்வீஸ் வைத்திருக்கும் சின்னச்சாமி நான்தான். எட்டாவது வரை படித்தேன். அதற்குமேல் சொல்லித்தர வாத்தியார்களிடம் சரக்கு இல்லை. என் மைக்கில் பேசாத மந்திரி இந்த மாவட்டத்துக்கு வந்தது கிடையாது. ஒரு மந்திரி பேசி முடித்து இறங்கும்போது, "என் பேச்சைவிட உங்க மைக் நல்லாயிருந்தது" என்று என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். மாதேஷ் என்னைவிட வயதில் சிறியவன். எனக்கு உறவில்லை, ஆனாலும் மாமா என்றுதான் கூப்பிடுவான். அதனால் அவன் என்றே எழுதுகிறேன். படித்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கடத்தூர்க்காரன். பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருந்தான். வீட்டிலிருந்தே வேலை பாருங்கள் என்று கம்பெனி அனுப்பியபோது வந்தவன், திரும்பிவரச் சொன்னபோது போகவில்லை. ஒருநாள் என் கடைக்கு வந்து மாடியை அண்ணாந்து பார்த்தான்.

"மாமா, மாடி சும்மாத்தான இருக்குது?"

"சும்மா எங்க இருக்குது? வாடக நாற்காலி அடுக்கியிருக்கேன்."

"அதுல உக்கார ஆளக் கூட்டியாரனுங்க."

அப்புறம் விவரமாகச் சொன்னான். நம் மாவட்டத்தில் ஊருக்கு ஒருவராவது கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறார்கள். ஒவ்வொருவரும் தனி அறையில் உட்கார்ந்திருக்கிறார்கள். பக்கத்து ஊரில் இருப்பவரைத் தெரியாது. மாதம் ஒரு சாயங்காலம் சந்தித்துப் பேசினால் வேலையைப் பங்கு போட்டுக்கொள்ளலாம். நாலு பேர் சேர்ந்து இங்கேயே ஒரு ஆபீஸ் போடலாம். "எல்லாரும் ரயிலேறிப் போறது நிக்கணும் மாமா. அது ஒண்ணுதான்" என்றான். அன்றைக்கே மாடியைக் கூட்டிப் பெருக்கச் சொல்லிவிட்டேன்.

மாதத்தின் முதல் சனிக்கிழமை, பெங்களூரிலிருந்து வரும் ரயில் மொரப்பூரில் நின்று கிளம்பிய பிறகுதான் கூட்டம் தொடங்கும். ஞாயிற்றுக்கிழமைக்கு ஊர் திரும்புகிறவர்களும் மாடி ஏறி வரட்டும் என்று அப்படி ஒரு ஏற்பாடு. வந்தவர்கள் ஒவ்வொருவராக மைக்கைப் பிடித்து நாலே விஷயம் சொல்ல வேண்டும். பேர், ஊர், தெரிந்தது, தேவை. "முப்பது பேருக்கு மைக் எதுக்குடா?" என்று கேட்டேன். "ரூமுக்குள்ள தனியா உக்காந்து உக்காந்து இவங்களுக்குக் குரலே போயிருச்சு மாமா. அவங்கவங்க குரல அவங்களே ஒருதரம் பெருசாக் கேக்கட்டும்" என்றான்.

மாரண்டஹள்ளியிலிருந்து மஞ்சுநாத் வருவான். அப்பாவுக்குத் தக்காளி மண்டி. வீட்டில் கன்னடம், வெளியில் தமிழ். முதல் தடவை மைக்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டான். "பேரு மஞ்சுநாத்துங்க. ஊரு மாரண்டஹள்ளி. தெரிஞ்சது, தக்காளி வெலையப் போன்ல காட்டற ஆப் செய்வேனுங்க. தேவை... எங்கப்பா அத நம்பணுமுங்க." மாடியே சிரித்தது. என் முறை வரும்போது நானும் விடமாட்டேன். "பேர் சின்னச்சாமி, ஊர் மொரப்பூர், தெரிந்தது எல்லாம், தேவை ஒன்றுமில்லை." மாதேஷ் கடைசியாக மைக்கை வாங்குவான். எல்லா மாதமும் ஒரே வாசகம். "பேர் மாதேஷ். ஊரு கடத்தூர். தெரிஞ்சது ஜாவா. தேவை, நீங்க அடுத்த மாசமும் வரணும்."

அதன்பிறகு யாராவது ஒருவர் ஒரு தலைப்பில் பேசுவார். எனக்கு விளங்காத தலைப்பே இல்லை. ஒருநாள் கிளவுட் என்று ஒரு தம்பி மணிக்கணக்கில் விளக்கினார். நான் எழுந்து, "இத்தனை எதுக்கு? என் நாற்காலி எப்பவும் அடுத்தவன் வூட்லதான் கெடக்குது. வேணுங்கறவன் வேணுங்கறப்ப வாடகைக்கு எடுக்கறான். கிளவுட்ட நான் முன்னூறு வருசமா நடத்தறேன்" என்றேன். "மாமா சொன்னதுதான் சரிங்க. பூஜ்யத்த மட்டும் கொறச்சுக்கங்க" என்றான் மாதேஷ்.

பெரிய கூட்டம் ஒன்று நடந்ததே, வந்திருந்தவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பெங்களூர்க் கம்பெனி ஒன்றின் மேனேஜர் அம்மாவை மாதேஷ் பல மாதம் பேசிப் பேசி வரவழைத்தான். ஆட்களைப் பார்த்தால், என் மாடியிலேயே சின்னதாக ஒரு ஆபீஸ் திறக்க அந்த அம்மா சம்மதிப்பார் என்று அவனுக்கு நம்பிக்கை. நான் சுண்ணாம்பு அடித்து, சீரியல் லைட் போட்டு, அரண்மனை மாதிரி ஆக்கிவிட்டேன். "மொரப்பூர்ல கரண்ட் போனதா சரித்திரமே இல்லைங்க மேடம்" என்று நான் சொல்லி வாய் மூடவில்லை, போய்விட்டது. என் ஜெனரேட்டர் மானத்தைக் காப்பாற்றியது.

அன்றைக்கு நம் பிள்ளைகள் பேசினார்களே, அதுபோல் நான் எந்த மேடையிலும் கேட்டதில்லை. ஒருவர்கூடத் தடுமாறவில்லை. மஞ்சுநாத் தக்காளிக் கணக்கைத் திரையில் போட்டுக் காட்டியபோது அந்த அம்மா நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். கடைசியில் அவரும் நம் வழக்கப்படியே மைக்கை வாங்கிப் பேரும் ஊரும் சொன்னார். "எனக்குத் தேவை, உங்க மாதிரி ஆளுங்க. இங்க ஆபீஸ் திறந்து என்ன செய்யப்போறேன்? நீங்க எல்லாம் அங்க வந்துடுங்க. நாளைக்கே பேரைக் குடுங்க" என்றார். கைதட்டலில் ஓடு பறந்துவிடும் போலிருந்தது. எல்லோரையும்விட உரக்கத் தட்டியது மாதேஷ்தான். மஞ்சுநாத் ஓடிவந்து அவனைக் கட்டிக்கொண்டு, "அண்ணா, எங்கப்பா இனி நம்புவாருண்ணா" என்று அழுதான்.

எல்லோரும் போன பிறகு நானும் மாதேஷும் நாற்காலிகளை அடுக்கினோம். கடைசி வரிசைக்கு வந்தபோது சொன்னான்.

"நல்லாத்தான் நடந்துச்சு மாமா. இதே மாதிரி இன்னும் நாலு கூட்டம் நடந்தா, நீங்களும் நானுந்தான் மிஞ்சுவோம்."

"மிஞ்சுனா என்னாடா? நான் ஒருத்தன் ஆயிரம் பேருக்குச் சமம்."

"பூஜ்யத்தக் கொறைங்க மாமா."

"சரி, நூறு."

"இன்னொண்ணு."

"பத்து. இதுக்கு மேல என்னால முடியாது."

"பத்துப் போதும் மாமா. பத்துப் பேரு இருந்தாக் கூட்டம் நடத்தலாம்" என்று சிரித்தான்.

அவன் சொன்னபடிதான் ஆனது. அந்த அம்மாவின் கம்பெனிக்குப் போனவர்கள் கூட்டாளிகளைக் கூப்பிட்டுக்கொண்டார்கள். அந்தக் கூட்டாளிகள் வேறு எங்கே அறிமுகமானார்கள்? என் மாடியில்தான். ஊரில் ஆளை நிறுத்துவதற்காக அவன் போட்ட கூட்டமே ஆளை அனுப்பும் கூட்டமாகிவிட்டது. அவனையும் அந்த அம்மா பெரிய வேலைக்குக் கூப்பிட்டார். மாட்டேன் என்றுவிட்டான். "ஊரையே ரயிலேத்தி உட்டீங்க. நமக்கு ஒரு டிக்கெட் எடுக்கத் தோணலியா?" என்று அவன் சம்சாரம் என் எதிரிலேயே கேட்டது. அதற்கும் சிரித்தான். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

ஆள் குறைந்தும் நாற்காலியைக் குறைக்க மட்டும் அவன் விடவில்லை. ரயில் வந்ததும் மாடிக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து ரோட்டைப் பார்த்து நிற்பான். பை மாட்டிய பிள்ளைகள் கும்பலாக வருவார்கள். "அண்ணா, ரொம்ப அசதியா இருக்குதுங்க, அடுத்த மாசம்!" என்று கீழிருந்தே கையாட்டிவிட்டு பஸ்ஸுக்குப் போவார்கள். இவனும் மேலிருந்து கையாட்டுவான். தெரு காலியான பிறகும் கை கொஞ்ச நேரம் மேலேயே இருக்கும்.

கடத்தூரில் சாவுக்குப் பந்தலும் நாற்காலியும் நானே கொண்டுபோய்ப் போட்டேன். பெங்களூரிலிருந்து கார் காராக வந்து இறங்கினார்கள். அவன் உயிரோடு இருந்தபோது அத்தனை பேர் ஒரு இடத்தில் கூடியதில்லை. என் மாடியில் வெவ்வேறு மாதங்களில் வந்துபோனவர்கள் முதல்முறையாக ஒருவரையொருவர் பார்த்தார்கள். பேர், ஊர் கேட்டுக்கொண்டார்கள். பந்தல் காலுக்குப் பக்கத்தில், "உங்க கம்பெனில எடம் ஏதாச்சும் இருக்குதுங்களா?" என்று ஒரு குரல் தாழ்வாகக் கேட்டது. நம்பர் பரிமாறிக்கொண்டார்கள். நான் தப்பாகச் சொல்லவில்லை. அவன் நடத்த நினைத்த கூட்டம் அதுதான். அவனுக்குத்தான் அதில் மைக் இல்லை.

மஞ்சுநாத் என் கையைப் பிடித்துக்கொண்டான். "மாமா, கூட்டத்த உட்றக்கூடாதுங்க. வர்ற மொத சனிக்கெழம நாங்க அத்தன பேரும் வர்றோம்." சுற்றி நின்றவர்கள் எல்லாம் தலையாட்டினார்கள். பொழுது சாய்வதற்குள் கார்கள் கிளம்பிவிட்டன.

அந்தச் சனிக்கிழமை நாற்காலி அத்தனையும் போட்டேன். பெட்டி, மைக் எல்லாம் தயார். ரயில் வந்தது. அவன் நிற்கும் இடத்தில் நான் நின்றேன். பிள்ளைகள் இறங்கி வந்தார்கள். கையாட்டினார்கள். போனார்கள்.

படியில் காலடி கேட்டது. கவிதா. தோளில் பெரிய பை.

"என்னம்மா, பையோட வந்திருக்கே?"

"பெங்களூருங்க மாமா. மஞ்சுநாத் இருக்கற கம்பெனில. அன்னிக்குச் சாவு வூட்ல பேசுனதுங்க. திங்கக்கெழம சேரணும். இப்ப வர்ற வண்டிக்குப் போறனுங்க. சொல்லாமப் போக மனசு வல்லீங்க."

மைக்கைக் கொடுத்தேன். காலி நாற்காலிகளைப் பார்த்து நின்றாள். "பேர் கவிதா. ஊரு மொரப்பூர். தெரிஞ்சது டேட்டா என்ட்ரி, கொஞ்சம் கோடிங். தேவை..." அங்கேயே நின்றுவிட்டாள். பெட்டியில் அவள் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு மைக்கை மேசைமேல் மெதுவாக வைத்தாள்.

படி இறங்கும் முன் திரும்பிக் கேட்டாள். "நம்ம வாட்ஸப் குரூப்ல கேப்பாங்க மாமா. எத்தன பேரு வந்தாங்கன்னு சொல்லட்டுங்க?"

"பத்துப் பேருன்னு சொல்லும்மா."

அவள் என்னைப் பார்த்தாள். நான் முன் வரிசையில் மாதேஷ் உட்காரும் நாற்காலியைப் பார்த்தேன்.

"இல்ல, இரு. கடைசிப் பூஜ்யத்தக் கொறச்சுச் சொல்லு."

மாதேஷிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்த ஒரு பழக்கம்தான். பெரிதாக ஒன்று வாயில் வந்ததும், அவன் சொல்லாமலே பூஜ்யத்தை எடுத்துவிடுகிறேன். எடுத்த பிறகு நிற்பது ரொம்பக் கொஞ்சமாக இருக்கிறது.