வேர் விழுங்கிய வலைநூல்

காட்டுச் செடிகள் அழிந்துபோகாமல் காக்க உலக நாடுகள் போட்டுக்கொண்ட சட்டத்தில் நம் நாடும் சேர்ந்த புதிது. எழுபதுகளின் பின்பாதி. ராயபுரத்தில், கப்பல் சரக்குக்குச் சுங்கத்தில் காகிதம் போடும் சிறிய அலுவலகத்தில் நான் குமாஸ்தா. சட்டத்தை முழுதாகப் படித்தவனில்லை. ஆர்க்கிட் செடி என்றால் காட்டில் பிடுங்கியதா, தோட்டத்தில் வளர்த்ததா என்று கேட்பார்கள் என்பது மட்டும் தெரியும்.

திருவொற்றியூரில் ஓர் அக்கா. கணவர் வலை பின்னுகிறவர். அக்கா வீட்டுக்குப் பின்னால் கீற்றுப்பந்தல் போட்டு ஆர்க்கிட் வளர்த்தார். தேங்காய் மட்டையில் செடியை வைத்துப் பழைய வலையின் நீல நூலால் கட்டிவிடுவார். நாலு வருடம் வளர்த்தவை முதன்முறையாக எங்கள் அலுவலகம் வழியாகச் சிங்கப்பூர் போக இருந்தன. மறுநாள் கப்பல். தவறினால் அத்தனையும் பெட்டிக்குள்ளேயே வெந்துவிடும்.

வெளிநாடு போகும் செடியின் வேரில் மண் இருக்கக் கூடாது என்று எங்கள் அலுவலகத்தில் பெட்டி கட்டுகிறவரிடம் சொல்லியிருந்தேன். அவருக்கு எதைச் செய்தாலும் ஒருபடி மேலே செய்ய வேண்டும். மட்டையை உரித்தார், நூலை அறுத்தார், வேரைக் கழுவித் துடைத்தார்.

"கலீஜா இருந்துச்சு நைனா. இப்ப பாரு, பொண்ணு பாக்க வரவன் மாதிரி கீது."

நானும் சிரித்துவிட்டு வந்துவிட்டேன்.

சுங்கத்தில் அதிகாரி ஒரு செடியைத் தூக்கிப் பார்த்தார். "தோட்டத்துச் செடின்னு சான்றிதழ் இருக்கு, சரி. ஆனா மட்டை இல்லை, கட்டு இல்லை. மரத்துலேருந்து உரிச்ச மாதிரில்ல இருக்கு? இதுதான் அந்தச் செடின்னு நான் எப்படிக் கையெழுத்துப் போடறது?"

அக்கா என்னைப் பார்த்தார். நான் பெட்டி கட்டுகிறவரைப் பார்த்தேன். அவர் முகம் செத்துவிட்டது. அப்புறம் மெதுவாகச் சொன்னார்:

"சார், மேல இருந்த நூலத்தான் அறுத்தேன். உள்ள கீறது வரல. வேரு முழுங்கிக்கினு கீது."

அதிகாரி ஒரு வேர்க்கொத்தை விரலால் விலக்கினார். உள்ளே நீலமாய் ஒரு முடிச்சு. தானே கை விட்டு அடியிலிருந்து இன்னொன்றை எடுத்தார். அதிலும் முடிச்சு. மூன்றாவதிலும்.

"யாரும்மா போட்ட முடிச்சு?"

"நான்தான் சார். எங்கூட்டுக்காரரு வலைக்குப் போடறதுதான்."

அதிகாரி மேசையிலிருந்த சணல் நூலை நீட்டினார். அக்கா இரண்டே சுற்றில் போட்டுக் காட்டினார். வேரிலிருந்ததும் அதுவும் ஒன்றுபோலவே இருந்தன.

"எந்தக் காட்டுலயும் வலை காயப்போடறதில்லை," என்று சொல்லி அதிகாரி கையெழுத்திட்டார். பெட்டி கட்டுகிறவரிடம் திரும்பி, "அடுத்த தடவை கட்டோட கொண்டு வாங்க."

வெளியே வந்ததும் அக்கா அவரிடம், "கத்தி உன்கிட்ட இருந்தா என் பந்தலையே உரிச்சுருவ அண்ணாத்தே" என்றார். அவர் தலையைச் சொறிந்தார். பெட்டிகள் கப்பலேறின.

அடுத்த முறை நான் சட்டத்தை வாசித்துவிட்டுப் போனேன். அக்காவின் பந்தலில் அதற்குள் இரண்டு வரிசை கூடியிருந்தது. எல்லாம் நீல நூலில்.