அரிசி கொத்தாத சேவல்

வடக்கே நான் போனது மேட்டூர் அணை வரைக்கும்தான். அதுவும் பள்ளிக்கூடத்தில் கூட்டிப்போனது. ஆனால் ஜார்க்கண்டில் ஒரு மலையோரக் கிராமத்தில் காலையில் என்ன குடிப்பார்கள், இந்த வருடம் மழை வருமா என்று எதை வைத்துப் பார்ப்பார்கள், எந்தெந்த வீட்டில் யார் யாரோடு பேச்சுவார்த்தை இல்லை என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. எங்கள் கோழிப்பண்ணையின் பின்புறம் இருக்கும் ஓட்டு அறையின் படியில் உட்கார்ந்தே இவ்வளவையும் தெரிந்துகொண்டேன். அதில் எனக்கு ஏகப்பட்ட பெருமை இருந்தது. இப்போது அந்தப் பக்கம் வேலை இருந்தால் ஷெட்டைச் சுற்றிக்கொண்டு போகிறேன்.

என் வீட்டுக்காரர் பதினோரு வருடம் லாரி ஓட்டியவர். நாக்பூர், ராய்ப்பூர், கவுகாத்தி என்று அவர் போகாத ஊர் இல்லை. கல்யாணமான புதிதில் ஒவ்வொரு தடவை அவர் திரும்பி வரும்போதும் அந்த ஊர் எப்படி இருந்தது என்று கேட்பேன். "எல்லா ஊர்லயும் டோல்கேட் ஒரே மாதிரிதான் புள்ள" என்பார். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. ஊரெல்லாம் பார்த்த மனுசனிடம் சொல்ல ஒன்றுமில்லை, எதையும் பார்க்காத எனக்குக் கேட்க ஆயிரம் இருந்தது. பிறகு லாரியை விட்டுவிட்டு, பரமத்தி வேலூருக்கும் நாமக்கல்லுக்கும் நடுவில் இருக்கும் எங்கள் மேட்டுக்காட்டில் இரண்டு ஷெட் போட்டு முட்டைக்கோழி வைத்தார்.

பண்ணைக்காரர்களுக்கு ஒரு சட்டம் உண்டு. நாட்டுக்கோழி வளர்க்கக் கூடாது. சந்தைக் கோழி வாசலைத் தாண்டி உள்ளே வரக் கூடாது. நாட்டுக்கோழிக் கறி தின்ன ஆசைப்பட்டால் டவுனில் தின்றுவிட்டு வந்து, குளித்துத் துணி மாற்றி, தொட்டியில் இருக்கும் மருந்துத் தண்ணீரில் காலை நனைத்த பிறகுதான் ஷெட்டுக்குள் போகலாம். கூண்டுக்குள் நிற்கிற வெள்ளைக் கோழிக்கு முட்டை போடத் தெரியும், சீக்கைத் தாங்கத் தெரியாது. வேலைக்கு வரும் ஆட்களிடம் சம்பளம் பேசுவதற்கு முன்னால் என் வீட்டுக்காரர் சொல்வது இந்தச் சட்டத்தைத்தான்.

மூன்று வருடத்துக்கு முன்னால் ஜார்க்கண்டிலிருந்து ஒரு புருசனும் பெண்டாட்டியும் வேலைக்கு வந்தார்கள். அவனுக்கு முப்பது வயது இருக்கும், அவளுக்கு இன்னும் குறைவு. அவன் தீவனம் போடுவான், அவள் முட்டை பொறுக்கி அட்டையில் அடுக்குவாள். ஆறே மாதத்தில் அவள் தமிழ் பேச ஆரம்பித்துவிட்டாள், அதுவும் எங்கள் தமிழ். "வாரேனுங்க்கா, இருங்க்கா" என்று அவள் சொல்வதைக் கேட்டு முட்டை லாரிக்காரர்கள் சிரிப்பார்கள்.

மத்தியானம் வேலை ஓய்ந்ததும் அவர்கள் குடியிருந்த ஓட்டு அறைக்கு நான் போய்விடுவேன். அவள் சோறு வடித்த கஞ்சியில் உப்பும் பச்சை மிளகாயும் போட்டுக் கொடுப்பாள். ஒருநாள் எங்கள் மாமரத்து முசுறு எறும்பைக் கூட்டோடு எடுத்து, இஞ்சி பூண்டு வைத்துத் துவையல் அரைத்தாள். எலுமிச்சம்பழம் பிழிந்தது போல ஒரு புளிப்பு. நான் இரண்டாவது தடவை கேட்டு வாங்கித் தின்றேன். அவள் செல்போனில் அவர்கள் ஊர் ஆட்டத்தைக் காட்டுவாள். பெண்கள் இடுப்பில் கைகோத்து முன்னே இரண்டடி, பின்னே ஓரடி வைப்பார்கள். நானும் அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு ஆடிப் பார்த்திருக்கிறேன். வீட்டுக்காரர் கிண்டல் செய்வார். "அடுத்த எலெக்சனுக்கு நீ அங்க போயி ஓட்டுப் போட்டாலும் போட்டுருவ."

அவளுக்கு இரண்டு தடவை கரு தங்காமல் போயிருந்தது. போன வருடம் பங்குனியில் மூன்றாவதாக நான்கு மாதம். அவர்கள் ஊரில் சால் மரம் பூக்கிற மாதம் அது. பூத்த மரத்தடியில் சேவல் அறுத்துச் சாமி கும்பிட்ட பிறகுதான் வருடத்தின் நல்லது கெட்டது எதுவும் தொடங்குமாம். இந்தப் பிள்ளைக்காக அங்கே போய்க் கும்பிட்டு வர வேண்டும் என்று லீவு கேட்டார்கள். வீட்டுக்காரர் மறுத்துவிட்டார். கோடையில் ஷெட்டுக் கூரை மேல் மணிக்கொரு தடவை தண்ணீர் விடாவிட்டால் கோழி சுருண்டு விழும், மாற்றாளும் கிடையாது. அவள் அழவில்லை. இங்கேயே வேப்பமரத்தடியில் பூ வைத்துக் கும்பிட்டுக்கொள்கிறேன் என்றாள்.

"வெறும் பூவு வெச்சாப் போதுமா கண்ணு?" என்று கேட்டேன்.

"போதுங்க்கா. ஊர்லதான் சேவல். இங்க ஆவாதுன்னு மொதலாளி சொல்லிருக்காங்க."

அதோடு நான் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். ஆனால் எனக்கு அந்தச் சடங்கைப் பார்க்க வேண்டும். அறுப்பதற்கு முன்னால் சேவல் முன்னே ஒரு கை பச்சரிசி போடுவார்கள் என்றும், அது தானாகக் கொத்தினால்தான் சாமி ஏற்றுக்கொண்டதாக அர்த்தம் என்றும் அவள் சொல்லியிருந்தாள். எங்கள் ஊரில் கிடாய்க்கு மஞ்சள் தண்ணீர் தெளித்து, அது உடம்பைச் சிலிர்த்துத் துலுக்கும் வரை காத்து நிற்போம் இல்லையா, அதே கதைதான். எத்தனையோ மைல் தள்ளி ஒருத்தி எங்களைப் போலவே நிற்கிறாள் என்பது எனக்கு அப்படிப் பிடித்துப்போனது. பிள்ளைக்காக என்று நான் சொல்லிக்கொண்டது பாதிதான் உண்மை. மீதி வெறும் வேடிக்கை பார்க்கிற ஆசை. அதை இன்றைக்கு ஒத்துக்கொள்கிறேன்.

"நீ கம்முனு இரு, நாம் பாத்துக்கறேன்" என்றேன். அவள் வேண்டாம் என்று இரண்டு தடவை சொன்னாள். அவள் புருசன் ஷெட்டைக் காட்டித் தலையை ஆட்டினான். பண்ணைச் சட்டத்தைப் பண்ணைக்காரிக்கே அவன் நினைவுபடுத்துகிறான் என்று எனக்குக் கோபம்தான் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை வெற்றிலை வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு பரமத்தி வேலூர்ச் சந்தைக்குப் போனேன். நாட்டுக்கோழி விற்கும் பக்கம் போய் ஒரு செஞ்சேவலைப் பிடித்தேன். கட்டைப்பையில் வைத்து மேலே வெற்றிலையைப் பரப்பிப் பேருந்தில் கொண்டுவந்து, வீட்டுக்குப் பின்னால் கூடைபோட்டுக் கவிழ்த்தேன். கூவி மாட்டிவிடுமோ என்று அன்றெல்லாம் பயந்துகொண்டே இருந்தேன். அது கூவவே இல்லை. மறுநாள் கூடையைத் தூக்கிப் பார்த்தபோது கண்ணை மூடி, கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு நின்றது. தரையில் எச்சம் பச்சையாகக் கிடந்தது. பயணக் களைப்பு என்று நினைத்துக்கொண்டேன். பச்சை எச்சம் சீக்குக்கு அடையாளம், அந்த நிறத்தைப் பார்த்தால் என்ன செய்ய வேண்டும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் அப்படித்தான் நினைத்துக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை காலையில் வீட்டுக்காரர் தீவனக் கம்பெனிக்குப் போயிருந்தார். வேப்பமரத்தடியை அவள் சாணம் தெளித்து மெழுகி வைத்திருந்தாள். சால் பூவுக்குப் பதில் வேப்பம்பூ. சேவலை விட்டு அதன் முன்னால் பச்சரிசியைப் போட்டார்கள். அது கொத்தவில்லை. அவன் அவர்கள் பாஷையில் என்னவோ சொல்லி இன்னும் கொஞ்சம் போட்டான். சேவல் தலையைத் தொங்கப்போட்டு நின்றது. வெயில் ஏறிக்கொண்டே வந்தது. அவள் கை வயிற்றின் மேல் போய் உட்கார்ந்தது. "உட்டுரலாங்க்கா" என்றாள், என்னைப் பார்க்காமல்.

வாங்கி வந்தவள் நான். இவ்வளவு திருட்டுத்தனம் செய்துவிட்டுச் சும்மா போக எனக்கு மனம் வரவில்லை. சேவலின் கழுத்தைப் பிடித்து மூக்கை அரிசியில் வைத்து லேசாக அழுத்தினேன். நிமிர்த்தியபோது அலகில் ஓர் அரிசி ஒட்டியிருந்தது. "பாரு, தின்னுருச்சு" என்றேன். அவர்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலாளியம்மா சொன்னால் மறுத்துப் பேச முடியுமா? அறுத்தார்கள். அறைக்குப் பின்னால் உட்கார்ந்து மயிரைப் பிடுங்கிச் சுத்தம் செய்து குழம்பு வைத்தார்கள். நானும் ஒரு கிண்ணம் தின்றேன். அவள் ஒரு வாய்கூட வைக்கவில்லை.

ஐந்தாம் நாள், முதலாவது ஷெட்டில் ஒன்பது கோழி செத்துக் கிடந்தது. தினம் ஒன்றிரண்டு சாவது சகஜம். மறுநாள் நாற்பது. அதற்கடுத்த நாள் எண்ணுவதை விட்டுவிட்டோம். கழுத்து முறுக்கிக்கொண்டு முகம் வானத்தைப் பார்க்க, கூண்டுக்குள் சுற்றிச் சுற்றி விழுந்தன. காலையில் ஷெட்டுக்குள் நுழைந்தாலே காது அடைக்கும் அவ்வளவு சத்தம் இருக்கும். அது நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வந்தது. வீட்டில் யாரும் இல்லாத நேரம் பார்த்து, சேவலைக் கவிழ்த்து வைத்த கூடையைக் கொண்டுபோய்க் கொளுத்தினேன்.

கால்நடை டாக்டர் வந்து இரண்டு கோழியை அறுத்துப் பார்த்தார். வெள்ளைக்கழிச்சல் மாதிரி தெரிகிறது என்றார். அந்த ஷெட்டில் இருந்தவை இளங்கோழிகள், அடுத்த தடுப்பூசி போட நான்கு நாள் பாக்கி இருந்தது. கையுறையைக் கழற்றிக்கொண்டே, "வெளிக்கோழி ஏதாச்சும் உள்ளார வந்துச்சுங்களா?" என்று கேட்டார்.

"அதெல்லாம் இங்க நடக்காதுங்க" என்றார் வீட்டுக்காரர். சொல்லிவிட்டு நேராகப் பின்னறைக்குப் போனார். நான் பின்னாலேயே ஓடினேன். நிலைப்படிக்கு மேலே ஓட்டுக்கும் மரச்சட்டத்துக்கும் நடுவில் ஒரு செம்பு நிற வால் இறகு செருகியிருந்தது. வேண்டுதல் வைத்தவர்கள் பிள்ளை பிறக்கும் வரை வைத்திருப்பார்களாம். அதை உருவிக் கையில் வைத்துக்கொண்டு, சத்தம் போடாமல் கேட்டார்.

"இது எப்புடி வந்துச்சு?"

அவன் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். அவள் என்னைப் பார்த்தாள். கெஞ்சவில்லை, காட்டிக்கொடுக்கவும் இல்லை. அக்கா இப்போது சொல்லிவிடுவாள் என்று காத்திருந்தாள், அவ்வளவுதான். வீட்டுக்காரரும் என் பக்கம் திரும்பினார். "உனக்குத் தெரியுமா?"

"எனக்கு என்னங்க தெரியும்? நான் என்னத்தக் கண்டேன்?" என்றேன்.

அவள் கண்ணை எடுத்துக்கொண்டாள். அன்று சாயங்காலமே அவர்களைச் சேலம் பேருந்தில் ஏற்றிவிட்டார். அங்கிருந்து ரயில். வீட்டுக்காரர் அடிக்கவோ திட்டவோ இல்லை. வேலை செய்த நாளுக்கு உண்டானதைக் கொடுத்துத்தான் அனுப்பினார். இரண்டு நாள் ரயிலில் எப்படி உட்கார்ந்து போவாள் என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டே உள்ளே போய் அடுப்பில் உலை வைத்தேன். முதல் ஷெட் முழுக்கக் குழிக்குள் போனது. மண் தள்ளும்போது வீட்டுக்காரர் துண்டை வாயில் வைத்துக்கொண்டு நின்றார். அப்போதும் நான் சொல்லவில்லை.

சீக்கு அந்தச் சேவலால்தான் வந்தது என்று சத்தியம் செய்ய முடியாது. காக்காய் கொண்டுவந்திருக்கலாம், முட்டை லாரியின் டயரில் வந்திருக்கலாம். கோழி போனால் கோழி வாங்கலாம், ஷெட்டில் இப்போது வேறு கோழி நிற்கிறது. என்னைத் தின்பது அந்த அரிசிதான். அது அவளுடைய சாமி, எனக்கு ஒன்றுமில்லை என்று எத்தனை தடவை சொன்னாலும் மனம் கேட்பதில்லை. ஆவணி பிறந்ததிலிருந்து நாளை எண்ணினேன். புரட்டாசிக்குள் பிள்ளை பிறந்திருக்க வேண்டும்.

ஐப்பசியில் ஒருநாள் மத்தியானம் வீட்டுக்காரர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தபோது தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது. எடுத்தேன்.

"அக்கா? நாந்தானுங்க்கா" என்றது அவள் குரல். அவ்வளவு தூரத்திலிருந்தும் ங்க்கா போகவில்லை. "அக்கா, கொழந்த..." என்று ஆரம்பித்தாள்.

"யாரு?" என்றார் வீட்டுக்காரர், இலையிலிருந்து நிமிர்ந்து.

"ராங் நம்பருங்க" என்று சொல்லிவிட்டு வைத்தேன். அவரிடம் சொன்னது அவளுக்கும் கேட்டிருக்கும். சந்தோசமான குரலா அழுகிற குரலா என்று இன்றுவரை யோசித்துப் பார்க்கிறேன், தெரியவில்லை. அந்த எண் போனில் அப்படியே இருக்கிறது. அதற்கப்புறம் அவள் கூப்பிடவில்லை.