வாயால் சொல்லக் கூடாதது

எங்கள் வீட்டில் கூட்டம் வைப்பது நான்தான். சனிக்கிழமை காலைச் சாப்பாடு முடிந்த கையோடு கதிரைகளை இழுத்துப் போட்டு, கணவரையும் அவருடைய அம்மாவான மாமியையும் இருத்தி, வருகிற கிழமைக்கான வேலைகளைப் பிரித்துக் கொடுப்பேன். யார் செய்வது, எப்போது செய்வது, எதைக்கொண்டு செய்வது என்று மூன்றுக்கும் பதில் வராமல் எழும்ப விடமாட்டேன். கிராமங்களில் வீடும் கிணறும் கட்டிக்கொடுக்கும் ஒரு திட்டத்தில் நான் இணைப்பாளர். பகலெல்லாம் ஒப்பந்தகாரர்களோடு மல்லுக்கட்டிவிட்டு வந்து, வீட்டில் மட்டும் நடக்கிறபடி நடக்கட்டும் என்று இருக்க என்னால் முடியாது.

"உன்ரை வேலைக் கந்தோர் வீட்டுக்கு வந்திட்டுது" என்று முணுமுணுத்தபடிதான் மாமி வந்து உட்காருவார். ஆனாலும் வருவார். கூரை ஓடு மாற்றியதும், மகளைப் பாலர் பாடசாலையில் சேர்த்ததும், மாரிக்கு முன் விறகு சேர்த்து அடுக்கியதும் இந்தக் கூட்டத்தால்தான் சொன்ன நேரத்தில் நடந்தன. எனக்கு அதில் நல்ல பெருமை. அயலுக்குள் என்னை மாமி "எங்கடை பெரிய துரை" என்று சொல்லித் திரிவதும் எனக்குத் தெரியும்.

இரண்டாவது பிள்ளை வயிற்றில் வந்தபோது அதையும் ஒரு திட்டமாகத்தான் பார்த்தேன். வேறு எப்படிப் பார்ப்பது? முதல் பிள்ளை சிசேரியன். கிளினிக்கில் டொக்டர் தெளிவாகச் சொல்லியிருந்தார். இந்த முறையும் சத்திரசிகிச்சைதான், நாள் தருகிறோம், அந்த நாளுக்கு முன் பிரசவ நோ எடுத்தால் ஒரு நிமிடமும் வீட்டில் நிற்கக் கூடாது. பழைய தையல் தாங்காமல் பிரிந்தால் தாய்க்கும் ஆபத்து, பிள்ளைக்கும் ஆபத்து.

நாங்கள் இருப்பது ஒட்டுசுட்டானில் இருந்து உள்ளே, காட்டோரம். பிரதான வீதிக்கு வர இரண்டு வழி. ஒன்று தாழ்ந்த பாலத்தைக் கடக்கும் கிரவல் ரோட்டு. மற்றது காட்டுக்குள்ளால் சுற்றிப் போகும் வண்டிப் பாதை. மாரியில் குளம் நிரம்பி வான் பாய்ந்தால் தண்ணீர் பாலத்துக்கு மேலால் போகும். எனக்குப் பேறு மாதமோ சரியாக மாரிக்குள் வந்து விழுந்திருந்தது.

ஆகவே கூட்டம் வைத்தேன். அடுத்த வளவில் ஓட்டோ வைத்திருக்கும், நாங்கள் தம்பி என்று சொல்லும் பையனையும் கூப்பிட்டேன். எந்தத் திட்டத்திலும் நான் முதலில் கேட்பது பிழையாய்ப் போகக் கூடியதைத்தான். நடக்க வேண்டியதைப் பிறகு பேசலாம்.

"தம்பி, எனக்கு நோ எடுக்கிற நேரம் உங்கடை ஓட்டோ பழுதாய்ப் போனால் என்ன செய்வீங்கள்?"

அவன் என்னைப் பார்க்கவில்லை. மாமியைப் பார்த்தான். மாமியின் முகம் கறுத்துவிட்டது.

"இதென்ன கதை பிள்ளை. நல்ல காரியத்துக்கு இருக்கிற நேரத்திலை அப்பிடி வாயாலை சொல்லக் கூடாது."

"சொல்லாமல் எப்பிடி மாமி ஆயத்தப்படுத்திறது?"

"ஓம் ஓம் அக்கா. எல்லாம் வடிவாய் நடக்கும். நீங்கள் யோசிக்காதேங்கோ" என்றான் தம்பி.

"பாலத்தாலை தண்ணி போனால்?" என்று கணவரிடம் திரும்பினேன்.

"ஓம் ஓம், அதைப் பாப்பம்" என்று அவர் தேத்தண்ணிக் கோப்பையை எடுத்துக்கொண்டு எழும்பினார்.

எங்கள் பக்கத்தில் பிள்ளைத்தாச்சிக்கு முன்னால் கெட்டதைப் பேசமாட்டார்கள். பேசினால் அது கூப்பிட்டது போல வந்து நிற்குமாம். வேலையிடத்திலும் எனக்கு இந்த ஓம் கேட்டுப் பழக்கம்தான். ஒப்பந்தகாரர் ஒருதரம் ஓம் என்றால் வேலை நடக்கும். அடுத்தடுத்து ஓம் ஓம் என்றால் சீமெந்து இன்னும் வந்து இறங்கவில்லை என்று அர்த்தம், நான் உடனே மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்ப் பார்ப்பேன். வீட்டில் கேட்ட ஓம் ஓமை மட்டும் போய்ப் பார்க்கவில்லை. அடுத்த வளவுதான், வேலிக்கு மேலால் எட்டினாலே போதும்.

நோ எடுத்தது, தந்த நாளுக்கு ஒரு கிழமைக்கு மேல் இருக்கும்போது. காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு மகளுக்குத் தலை இழுத்துக்கொண்டிருந்தேன். முதலில் முதுகில் ஒரு பிடிப்பு. பிறகு அடிவயிறு இறுகிக் கல்லாக நின்றது. விட்டது. சீப்பைக் கீழே வைப்பதற்குள் மறுபடியும் இறுகியது. இரவிரவாய்ப் பெய்த மழை இன்னும் விட்டிருக்கவில்லை. கணவர் பாலத்தில் தண்ணீர் ஏறுமுன்பே, விடியமுன் முதல் பஸ்ஸில் கிளிநொச்சிக்கு வேலைக்குப் போயிருந்தார்.

"மாமி, எடுத்திட்டுது" என்றேன். மாமி மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வேலிப் பொட்டுக்குள்ளால் நுழைந்து அடுத்த வளவுக்கு ஓடினார். பிள்ளையை அங்கே விட்டுவிட்டு, தம்பியோடு திரும்பி வந்தார். தம்பி வெறுங்கையோடு வந்தான்.

"ஓட்டோ எங்கை?"

"கராச்சிலை நிக்குது அக்கா. எஞ்சின் கழட்டினபடி."

"எப்பவிருந்து?"

அவன் நிலத்தைப் பார்த்தான். "நீங்கள் கூட்டம் வைக்க முதலே."

எனக்கு வந்த கோபத்தில் நோவே மறந்துபோனது. "அண்டைக்குக் கூட்டத்திலை கேட்டனான் எல்லோ!"

"வண்டி எங்கை நிக்குதெண்டு கேட்டிருந்தால் சொல்லியிருப்பன் அக்கா. நீங்கள் பழுதாய்ப் போனால் எண்டு கேட்டியள். பிள்ளைப்பேறுக்குப் போற காரியம், அதுக்கு ஓம், பழுதாய்த்தான் கிடக்குதெண்டு என்ரை வாயாலை எப்பிடிச் சொல்லுறது? அதுக்கிடையிலை திருத்தி எடுத்திடலாமெண்டு நினைச்சன்."

அவனை அடிக்கவேண்டும் போல இருந்தது. அழவேண்டும் போலவும் இருந்தது. இரண்டுக்கும் நேரம் இல்லை. அம்புலன்சுக்குப் போன் அடித்தேன். பிரதான வீதிவரை வருவோம், பாலத்துக்கு இந்தப் பக்கம் இறங்க முடியாது, எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்று சொல்லுங்கள் என்றார்கள். பாலத்தடியா, காட்டுப் பாதை வந்து ஏறும் சந்தியா? இரண்டுக்கும் இடையில் நல்ல தூரம். ஒன்றில் வரச் சொல்லிவிட்டு மற்றதில் போய் நின்றால் முடிந்தது கதை.

தம்பி தன் லான்ட்மாஸ்டரை, கையால் பிடித்து ஓட்டும் அந்தச் சிறு உழவு இயந்திரத்தை, இழுவைப் பெட்டியோடு கொண்டுவந்து முற்றத்தில் நிறுத்தினான். பெட்டிக்குள் வைக்கோலைப் போட்டு மேலே பாயை விரித்தார்கள். நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு கேட்டேன்.

"பாலத்தாலை போகலாமோ?"

"ஓம் ஓம் அக்கா. பாலத்தாலை போனால் கெதியிலை போயிடலாம்."

கணவருக்கு அடித்தேன். மழை இரைச்சலுக்குள் அவருடைய குரல் விட்டுவிட்டுக் கேட்டது. "பயப்பிடாதை. பாலத்தாலை போ. ஒண்டும் நடவாது. நான் பெரியாஸ்பத்திரிக்கு நேரை வாறன்."

ஒண்டும் நடவாது. கிளிநொச்சியில் நின்றுகொண்டு அவருக்கு எப்படித் தெரியும்? என்னைச் சுற்றி எல்லோரும் நல்லதையே சொல்லிக்கொண்டிருந்தார்கள். எனக்கு அவர்கள் எல்லோர் மேலும் பயமாக இருந்தது. என் வாழ்க்கையில் அப்படிப் பயந்ததில்லை. மறுபடி அம்புலன்சுக்கு எடுத்தேன், போனில் அந்தப் பக்கம் ஆள் பதிலுக்குக் காத்துக்கொண்டிருக்கிறார். இறுக்கம் இப்போது விடுவதும் இல்லை, பழைய தையல் இருந்த இடத்தில் யாரோ நகத்தால் கீறுவது போல ஒரு எரிவு. பாலத்தடி என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

"பாலத்தாலை போகாதை" என்றார் மாமி.

நான் திரும்பினேன். மாமி பாயின் விளிம்பைக் கையில் பிடித்தபடி மழைக்குள் நின்றார்.

"விடிய மாடு அவிழ்க்கப் போனனான். பாலத்தின்ரை அந்தப் பக்கத் தொங்கல் கரையைத் தண்ணி அரிச்சுக்கொண்டு போட்டுது. மேலாலை பாத்தால் தெரியாது, தண்ணி மூடிக் கிடக்கு. பெட்டி கவிழும். நீயும் பிள்ளையும் போய்ச் சேர்ந்திடுவியள்."

சொல்லிவிட்டுத் தன் வாயில் தானே படாரென்று அடித்தார். மறுபடியும் அடித்தார். தம்பி வாய் பிளந்து நின்றான். பிள்ளைப்பேறுக்குப் புறப்படுகிறவளைப் பார்த்து, வாசலில் வைத்து, செத்துப்போவாய் என்று சொன்ன ஆளை அவன் கண்டிருக்கமாட்டான். நானும் கண்டதில்லை. நான் கூட்டத்துக்கு மேல் கூட்டம் வைத்துக் கேட்டது இதைத்தான்.

"காட்டுப் பாதைச் சந்திக்கு வாங்கோ" என்று போனில் சொன்னேன்.

லான்ட்மாஸ்டர் பெட்டியில் கர்ப்பவதி போவது எப்படி இருக்கும் என்று எழுதத் தேவையில்லை. மாமி எனக்குப் பின்னால் காலை நீட்டி உட்கார்ந்து, என் முதுகைத் தன் வயிற்றோடு அணைத்துப் பிடித்துக்கொண்டார். மேலே மழைக்குத் தறப்பாள். ஒவ்வொரு குழிக்கும் இருவரும் சேர்ந்து எழும்பி விழுந்தோம். ஒருதரம் திறந்த வாயை மாமி அதன் பிறகு மூடவே இல்லை. எனக்குத் தெரிய வேண்டியதையெல்லாம் காதுக்குள் சொல்லிக்கொண்டே வந்தார்.

"முன்னாலை சேறு. புதையப் பாக்கும், இறுக்கிப் பிடி."

"இப்பதான் பாதி வந்திருக்கிறம்."

"யானை லத்தி கிடக்கு. ஆவி பறக்குது, கிட்டத்தான் நிக்குது. தம்பி, நிப்பாட்டாதை, மெதுவாய்ப் போ."

வலப்பக்கம் பற்றைகள் முறியும் சத்தம் எனக்கும் கேட்டது. தம்பி தலையைக் குனிந்துகொண்டு ஓட்டினான். சத்தம் பின்னுக்குப் போனபிறகு, மாமி "யானை விலகிப் போட்டுது" என்றார். நான் நம்பினேன். வேறு யார் சொல்லியிருந்தாலும் தறப்பாளை விலக்கித் திரும்பிப் பார்த்திருப்பேன்.

"மாமி, ரத்தம் போகுதோ பாருங்கோ."

சேலையை விலக்கிப் பார்த்தார். "கொஞ்சம் போகுது. கனக்க இல்லை. கூடினால் சொல்லுறன்."

சந்தியில் அம்புலன்ஸ் நின்றது. அதற்குள் ஏற்றியதும் ஆஸ்பத்திரி வெளிச்சமும் யாரோ என் பேரைத் திருப்பித் திருப்பிக் கேட்டதும் துண்டு துண்டாகத்தான் நினைவில் இருக்கின்றன. சத்திரசிகிச்சை அறைக்குள் போகும்வரை மாமியின் கை என் கையில் இருந்தது. பிறகு மயக்க மருந்து.

விழித்தபோது கணவர் பக்கத்தில் நின்றார். உடுப்பு நனைந்து ஒட்டியிருந்தது.

"பிள்ளை?"

"பொம்பிளைப் பிள்ளை. ஓம் ஓம், நல்லாய் இருக்கிறா. நீ படு."

கட்டிலுக்குப் பக்கத்தில் தொட்டில் இல்லை. அறையில் எங்கும் பிள்ளை அழும் சத்தம் இல்லை. அவர் என் தலையைத் தடவினார். நேர்ஸ் வந்து சேலைன் குழாயைப் பார்த்துவிட்டு, எல்லாம் நல்லபடி நடந்தது என்று சிரித்துக்கொண்டு போனார். எனக்குக் கத்த வேண்டும் போல இருந்தது.

"மாமியை வரச்சொல்லுங்கோ."

மாமி வந்தார். சேறு காய்ந்த அதே சேலை. என்னையும் தன் மகனையும் மாறிமாறிப் பார்த்தார். மகன் தலையை மெல்ல ஆட்டி, வேண்டாம் என்றார். நான் அதைக் கண்டேன். மாமியும் கண்டார்.

"உள்ளதைச் சொல்லுங்கோ மாமி."

மாமி கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். "தையல் விடத் தொடங்கியிட்டுதாம். பிள்ளையை எடுக்கேக்கை அழேல்லை. நீலம் பாரிச்சுக் கிடந்தது. இப்ப கண்ணாடிப் பெட்டிக்குள்ளை வைச்சு, குழாயாலை மூச்சுக் குடுக்கினம். தப்பும் எண்டும் சொல்லேல்லை, தப்பாது எண்டும் சொல்லேல்லை. இரண்டு மூண்டு நாள் போகவேணுமாம்."

கணவர் சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டார். அவருடைய முதுகு குலுங்கியது. நான் அழுதேன், வயிற்றுத் தையல் இழுக்க இழுக்க அழுதேன். ஆனால் விழித்த நேரம் முதல் என்னைப் பிடித்திருந்த அந்தப் பயம், பிள்ளை எங்கோ மூடிய துணிக்குள் கிடக்கிறது, எல்லோரும் எனக்கு ஒளிக்கிறார்கள் என்ற பயம், விட்டுப்போனது. பிள்ளை உயிரோடு இருக்கிறாள். மூச்சுக்குக் குழாய் வேண்டியிருக்கிறது. அவ்வளவுதான் நிலைமை. அதற்குமேல் பிரித்துக் கொடுக்க என்னிடம் வேலை எதுவும் இருக்கவில்லை.

அந்த நாட்களில் உறவுக்காரர் நிறையப் பேர் வந்தார்கள். எல்லோரும் பிள்ளைக்கு ஒன்றுமில்லை என்றார்கள். நான் தலையாட்டினேன். அவர்கள் போனபிறகு மாமி குழந்தைகள் பிரிவின் கண்ணாடிக்கு வெளியே போய் நின்று பார்த்துவிட்டு வந்து சொல்வார். குழாய் இருக்கு. கால் அசைக்கிறாள். இண்டைக்குக் காய்ச்சல் போலை, டொக்டர்மார் இரண்டு பேர் நிண்டு கதைக்கினம். சிலநாள் அவர் சொன்னதைக் கேட்டுத் தலையணைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டிருக்கிறேன். ஆனாலும் அடுத்த முறை அவர் வரும்வரை வாசலையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஒரு பின்னேரம் வழக்கத்தைவிட அதிக நேரம் மாமியைக் காணவில்லை. வந்தபோது மூச்சு வாங்கியது. கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் தலையணையில் இருந்து எழும்பப் பார்த்தேன்.

"குழாயைக் கழட்டிப் போட்டினம்" என்றார் கடைசியில். "கழட்டின உடனை உன்னட்டை ஓடி வரேல்லை நான். திருப்பிப் பூட்ட வேண்டி வருமோ எண்டு நிண்டு பாத்தனான். கனநேரம் நிண்டு பாத்தனான் பிள்ளை. தானாய் மூச்சு விடுறாள்."