யாரு செய்வாங்க?

எண்பதுகளில் சிங்கப்பூரில், தஞ்சோங் பகார் துறைமுகப் பகுதியில் இருந்த கிடங்கு நிறுவனம் ஒன்றுக்குக் கணினி மென்பொருள் எழுதப் போனபோது அவரைச் சந்தித்தேன். சரக்கு எண்ணும் பிரிவின் தலைமை எழுத்தர். ஒடிசலான உடம்பு, கழுத்துவரை பொத்தான் போட்ட வெள்ளைச் சட்டை. மென்பொருள் என்னென்ன செய்யவேண்டும் என்று நான் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்த ஒவ்வொரு வரியையும் உரக்கப் படிப்பார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு, தமிழில், "யாரு செய்வாங்க?" என்பார். பதில் இல்லாத வரியை அடித்துவிடுவார்.

கடைசிக் கூட்டத்தில், ‘ஆள்தேவை சீராக்கப்படும்’ என்றொரு வரி வந்தது. அவருடைய மேலாளர் சேர்க்கச் சொன்னது.

"இதுல யாரு?" என்றார் தலைமை எழுத்தர்.

மேலாளர் மின்விசிறியைப் பார்த்தார். "அது பொதுவா போட்டது லா. விட்டுடுங்க."

"தெளிவா இல்லாததுல நான் கையெழுத்துப் போடமாட்டேன் சார்."

அவரே அந்த வரியை அடித்துவிட்டு, பென்சிலால் எழுதினார்: ‘சரக்கு எண்ணும் பிரிவில், தலைமை எழுத்தர் உட்பட, இனி யாரும் தேவையில்லை.’ உரக்கப் படித்தார். இந்த முறை கண்ணாடியைக் கழற்றவில்லை. கையெழுத்துப் போட்டார்.

அது கோபமா, வெறும் பழக்கமா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. அந்த ஆவணத்தில் யாரும் சந்தேகம் கேட்காத ஒரே வரி அதுதான்.