பந்தில் தேய்த்த மண்

அந்த அறைக்குள் நுழைந்ததும் முதலில் மூக்கில் ஏறியது ஈர மண் வாசனைதான்...

பேஸ்பால் மைதானத்துக் கேலரிக்கு அடியில், ஆட்டக்காரர்கள் உடை மாற்றும் அறைக்குப் பக்கத்தில் அப்படி ஒரு வாசனையை நான் எதிர்பார்க்கவில்லை. அம்மா என் கையை விட்டுவிட்டு முன்னால் போனாள்.

அப்பா இறந்த பிறகு அவளை விருத்தாசலத்திலிருந்து அமெரிக்காவுக்கு அழைத்து வந்திருந்தேன். ரிட்டர்ன் டிக்கெட்டை ரத்து செய்துவிட்டு என்னோடேயே வைத்துக்கொள்ள ஆசை. அவளோ பிடி கொடுக்கவில்லை. காலையில் நான் ஆபீஸ் கிளம்பும்போது ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பாள். சாயங்காலம் கார் திரும்பும்போதும் அதே ஜன்னல். பாத்திரத்துக்கு மெஷின், துணிக்கு மெஷின். "நீ சும்மா உக்காரும்மா, உழைச்சது போதும்" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஆபீஸ் தோழியின் அப்பா டேவ், எங்கள் ஊர் பேஸ்பால் டீமின் சாமான்களைப் பார்த்துக்கொள்பவர். சின்ன லீக்தான், ஆனாலும் சம்பளம் வாங்கி ஆடுகிறவர்கள். மேட்சுக்கு வந்தால் உள்ளே எல்லாம் காட்டுகிறேன் என்றார். இப்படி நாலு இடம் பார்த்தால் அம்மாவுக்கு ஊர் பிடித்துப்போகும் என்று நினைத்தேன்.

புதுப் பந்து வழுக்கும். பிடி கிடைக்க, ஆட்டத்துக்கு முன் ஒவ்வொரு பந்திலும் ஆற்றுச் சேற்றைத் தேய்ப்பார்களாம். டேவ் இதை எனக்கு இங்கிலீஷில் சொல்லி முடிப்பதற்குள் யாரோ கூப்பிட, வெளியே போனார். நான் கதவருகே நின்று, மைதானத்தில் நடந்த ப்ராக்டிஸை வேடிக்கை பார்த்தேன்.

திரும்பினால்... அம்மா ஈரத் துணியோடு நிற்கிறாள். டேவ் தேய்த்து வைத்திருந்த கூடையில் பாதிப் பந்துகள் வெள்ளையாகிவிட்டன.

"என்னம்மா பண்றே?"

"மண்ணோட கெடக்குது பாப்பா. தொடச்சி குடுத்தா அவருக்கு ஒத்தாசையா இருக்கும்."

எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து செராமிக் யூனிட்டில் பினிஷிங் வேலை அவளுக்கு. மோல்டிலிருந்து எடுத்த பொம்மையை ஸ்பாஞ்சால் துடைத்துத்தான் சூளைக்கு அனுப்புவாள். ஒரு பொருளில் மண் ஒட்டியிருந்தால் அவள் கை சும்மா இருக்காது.

டேவ் வந்தார். கூடையைப் பார்த்தார், பிறகு கடிகாரத்தைப் பார்த்தார். அது வேண்டுமென்றே தேய்த்த சேறு என்று நான் சொன்னதும் அம்மாவின் முகம் சுண்டிப்போனது. "அய்யோ, மனுசன் வேலைய கெடுத்துட்டேனே..."

அவர் திட்டவில்லை. ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, சேற்று டப்பாவை அவள் பக்கம் தள்ளினார். அம்மா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள். ஒருவர் பேச்சு மற்றவருக்குப் புரியாது. ஆனாலும் இருவரும் தங்கள் பாஷையில் ஏதோ பேசிக்கொண்டே தேய்த்தார்கள். பந்துகளை எடுத்துப்போக அம்பயரின் ஆள் வந்தபோது கூடை தயார்.

மேட்சை ஆட்டக்காரர்கள் உட்காரும் இடத்துக்குப் பக்கத்திலிருந்தே பார்த்தோம். அம்மாவுக்கு ஸ்கோர் பற்றி ஒன்றும் தெரியாது. அவள் கண் பந்து மேல்தான். தரையில் பட்ட பந்தை அம்பயர் ஒதுக்கும்போதெல்லாம் அவளுக்கு மனசு ஆறவில்லை.

"கீழ பட்டதுக்கே தூக்கிப் போடறாரே... நம்ம ஊருல கீறல் வுழுந்த பொம்மையக்கூட செகண்ட்ஸுன்னு வித்துடுவாங்க."

அப்பா போனதிலிருந்து அவள் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. இனி இங்கேயே இருந்துவிடுவாள், நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன். வீடு திரும்பும்போது காரிலேயே டிக்கெட் பேச்சை எடுத்தேன்.

"நான் ஊருக்கே போயிடறேன் பாப்பா."

"இங்க உனக்கு என்னம்மா குறை?"

"ஒரு குறையும் இல்ல. உன் வூட்டுல எல்லாம் இருக்குது, எனக்கு வேலதான் இல்ல." பிறகு மெதுவாகச் சொன்னாள். "இங்க வந்ததுலேர்ந்து இன்னைக்குத்தான் எனக்குப் பசிச்சுது."

வழியில் காரை நிறுத்தி இரண்டு பேரும் வயிறாரச் சாப்பிட்டோம்.

டேவ் அன்றைக்குக் கொடுத்த பந்து இப்போதும் என் மேஜையில் இருக்கிறது. அம்மாவின் கைமண் அதில் அப்படியே இருக்கிறது, துடைக்கவில்லை.

அவள் மறுபடியும் யூனிட்டுக்குப் போகிறாள். இங்கே சாயங்காலம் ஆனால் அங்கே காலை. போன் போட்டால், ஸ்பாஞ்சும் கையுமாகத் திரையில் வந்து, "கையெல்லாம் மண்ணு பாப்பா, நானே அப்புறம் கூப்புடறேன்" என்று வைத்துவிடுவாள்.

அப்போது அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து என் காருக்காகக் காத்திருந்தாள். இப்போது அதே ஜன்னலோரம் உட்கார்ந்து, அவள் போனுக்காக நான் காத்திருக்கிறேன்.