குரும்பகரத்துக்கு வாங்கிப்போன மூன்று ஸ்வெட்டர்கள்

ஸ்வெட்டர் வாங்கக் காரைக்காலுக்குப் போகிறேன் என்றதும் பத்திரிகை ஆபீசில் எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்க மாட்டார்களா பின்னே? ஊட்டி, மூணாறு என்று குளிரைத் தேடி அலைகிறவள் நான். அங்கெல்லாம் எந்த மாதிரி ஸ்வெட்டர் கொண்டுபோகலாம் என்று நீங்கள் கேட்டுக் கேட்டு, நானும் பதில் எழுதி அலுத்துவிட்டேன். கடலோர ஊருக்கு எழுதுவேன் என்று கனவிலும் நினைக்கவில்லை.

பொங்கலுக்கு நாலு நாள் இருக்கும்போது கல்லூரித் தோழி செல்வி போன் செய்தாள். "ஸ்வெட்டர் விஷயத்துல நீதாண்டி கெட்டிக்காரி. போகிக்குள்ள வந்து ஒண்ணு எடுத்துக் குடு."

"யாருக்குடி?"

"கயலுக்கு."

கயல் அவளுடைய மூத்த மகள். ஆறு வயதில், ஒரு மார்கழி மாதம், குளிர்காய்ச்சல் வந்து போய்ச் சேர்ந்துவிட்டாள். ஐந்து வருடம் ஆகிறது.

எழும்பூரில் இரவு ரயில் ஏறினேன். காரைக்காலில் இறங்கியபோது ஐந்தரை மணி. அங்கிருந்து குரும்பகரம் சுமார் பத்து கிலோமீட்டர். ஆட்டோவுக்கு முந்நூற்றைம்பது ரூபாய், பேரம் பேசியும் இறங்கவில்லை. அறுப்புக்கு நின்ற சம்பா வயல்களின் மேல் பனி அசையாமல் கிடந்தது. ஆட்டோக்காரர் குரங்குக் குல்லாவும் ஸ்வெட்டருமாக இருந்தார். எந்த வீடு என்று கேட்டார், செல்வி வீட்டுக்காரர் முருகையன் பெயரைச் சொன்னேன்.

"குளிர்ற பாப்பா வீடுங்களா?" என்றார். காசு வாங்கியதும் வண்டியைத் திருப்பிக்கொண்டு பறந்துவிட்டார்.

குளிர்ற பாப்பா என்றால் இனியா, இளைய மகள். அக்கா சாகும்போது இவள் ஒரு வயதுக் குழந்தை. இப்போது இவளுக்கும் ஆறு நடக்கிறது. பத்து மணிக்கு வெயில் சுள்ளென்று அடிக்கிறது, பிள்ளை வாசலில் போர்வை போர்த்திக்கொண்டு பல் கிட்டிக்க உட்கார்ந்திருக்கிறாள். கையைத் தொட்டேன், ஐஸ் கட்டி தோற்றது. கார்த்திகையிலிருந்து இப்படித்தானாம். ரத்தம் எல்லாம் பார்த்தாயிற்று, ஒன்றும் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"ராத்திரி தூங்குனியா கண்ணு?" என்று கேட்டேன்.

"அக்கா பக்கத்துல வந்து படுத்துக்கிறா. அவ காலு ஜில்லுன்னு இருக்கு அத்தை."

எந்த அக்கா என்று கேட்கிற தைரியம் எனக்கு இல்லை.

செல்வி என்னைக் கொல்லைப் பக்கம் இழுத்துப் போனாள். "என் கனவுலயும் வர்றாடி. குளிருதும்மாங்கிறா. எனக்கு இவளும் போயிடுவாளோன்னு பயமா இருக்கு." சொல்லிவிட்டு முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள்.

அவர்கள் வீட்டில் சின்ன வயதில் இறந்த பெண்ணைக் கன்னித் தெய்வமாக வைத்து, ஒவ்வொரு போகிக்கும் புதுத்துணி வைத்துப் படைப்பார்கள். பிறகு அந்தத் துணியை வீட்டிலுள்ள பெண்பிள்ளை உடுத்திக்கொள்வாள். இதுவரை பாவாடை சட்டைதான் வைத்தார்கள். இந்த வருடம் ஸ்வெட்டர்.

மறுநாள் காலை, போகியன்று, இனியாவைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு நானும் செல்வியும் முருகையனும் பஸ் பிடித்துக் காரைக்கால் கடைத்தெருவுக்குப் போனோம். அரை மணி நேரப் பயணம். பாய் ஒருவரின் துணிக்கடையில் ஸ்வெட்டர் அடுக்கி வைத்திருந்தார்கள்.

"என்ன வயசுப் பிள்ளைக்கும்மா?" என்றார் கடைக்காரர்.

"ஆறு" என்றாள் செல்வி.

"பதினொண்ணு" என்றார் முருகையன்.

"ஏங்க, உங்களுக்கு அறிவிருக்கா? அவ போனப்ப ஆறுதானே?"

"இருந்திருந்தா இந்நேரம் பதினொண்ணு செல்வி."

கடைக்காரர் மாறி மாறிப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. "எல்லாத்தையும் எடுத்துட்டுப் போங்கம்மா. வேண்டாததை அப்புறமா கொண்டாந்து குடுங்க, போதும்" என்றார் மெதுவாக.

செல்வி எடுத்தது ஆறு வயது அளவில், முன்பக்கம் பொத்தான் வைத்தது. "தலைவழியா மாட்டுனா அவளுக்குப் பிடிக்காது. கண்ணு மறைஞ்சா கத்துவா" என்றாள். முருகையன் பதினொரு வயது அளவில், தலைவழியாக மாட்டுகிற வட்டக் கழுத்து. நான் சும்மா இருந்திருக்கலாம். சண்டையைத் தீர்க்கிறேன் பேர்வழி என்று எட்டு வயது அளவில், ஜிப்பும் தொப்பியும் வைத்த ஒன்றை எடுத்தேன்.

விளக்கு வைக்கிற நேரத்துக்குப் படையல். குத்துவிளக்கின் முன்னால் தலைவாழை இலையில் சர்க்கரைப் பொங்கல், வடை, பழம். எதிர்ச்சுவர் ஓரமாக முறத்தில் மூன்று ஸ்வெட்டர்களும். கற்பூரம் காட்டியதும் எல்லோரும் வெளியே வந்து கதவைச் சாத்திவிட வேண்டும், கன்னி வந்து சாப்பிடுவாள். பேசக் கூடாது. இனியா அப்பாவின் தோளில் நடுங்கிக்கொண்டிருந்தாள். உள்ளே ஒரு சத்தமும் இல்லை. எனக்குத்தான் என்னவோ போல் இருந்தது, ஓடிவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

முருகையன் மூன்று முறை கை தட்டிக் கதவைத் திறந்தார். இலையில் வைத்தது வைத்தபடி, துணி மடித்தது மடித்தபடி. செல்வியின் முகம் செத்துப்போனது. பொத்தான் ஸ்வெட்டரை எடுத்தாள். பிறகு என்னுடையதை. கடைசியாகப் பெரியதைத் தொட்டவள், சுட்டது போலக் கையை இழுத்துக்கொண்டாள்.

"நீ தொட்டுப் பாருடி."

தொட்டேன். மற்ற இரண்டும் தரை மாதிரி சில்லென்று இருந்தன. இது சூடாக இருந்தது, யாரோ உடம்பிலிருந்து இப்போதுதான் கழற்றிப் போட்டது போல. விளக்குச் சூடு என்று சொல்லவும் முடியாது, அது இருந்தது அறையின் அந்தப் பக்கம். பொய் சொல்லி எனக்கு ஆகப்போவது என்ன?

செல்வி அதை முகத்தில் வைத்து அழுத்திக்கொண்டாள். "ஏங்க, அவ வளந்துட்டா" என்றாள் புருஷனைப் பார்த்து. "தலைவழியா தானாவே மாட்டிக்கிற அளவுக்கு வளந்துட்டா." இரண்டு பேரும் அழுதார்கள். நானும்தான்.

இனியாவுக்கு அதையே மாட்டிவிட்டார்கள். கை நீளம், முழங்கால் வரை தொங்கியது. அப்படியே அம்மா மடியில் தூங்கிப்போனாள். நடுக்கம் நின்றுவிட்டது.

போன வாரம் போனில் இனியாவிடம் கேட்டேவிட்டேன். "இன்னும் அக்கா வர்றாளா?"

"தினம் வர்றா அத்தை. இப்பல்லாம் அவ காலு ஜில்லுன்னு இல்ல."

சரி, போக நினைக்கிறவர்களுக்கு: மார்கழி, தை மாதங்களில் காரைக்கால் பக்கம் பனி எட்டு மணிவரை விலகாது. தடித்த கம்பளி வேண்டாம், உப்புக்காற்றில் ஈரம் கோத்துக்கொண்டு காயவே காயாது. பருத்தி கலந்த மெல்லிய முழுக்கை போதும். பத்து மணிக்கே வெயில் ஏறிவிடும், பெரியவர்களுக்குக் கழற்ற வசதியாக முன்பக்கம் திறக்கிறதே நல்லது. குழந்தைகளுக்கு மட்டும் ஒரு அளவு பெரிதாகவே வாங்குங்கள். வளர்ந்துவிடுகிறார்கள்.